மரை கழண்ட ஸ்டாண்டும் மூவாயிரம் டாலர் கண்ணாடியும்

பி.காம் படிக்கிறவனுக்குத் துப்பாக்கி சுடுவதைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். என்.சி.சி.யில் 25 கஜத்தில் .22 ரைபிளால் சுட்டதைத் தவிர எனக்கு நேரடி அனுபவம் கிடையாது. ஆனால் இந்தப் பதிவு சுடுகிறவரைப் பற்றியது அல்ல. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அவரைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், அவர் தன் தொலைநோக்கியை எதன் மேல் வைத்திருக்கிறார் என்பதைப் பற்றியது. அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கைப்பழக்கம் உண்டு. எப்படி என்று பின்னால் வரும்.

முதலில் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன முன்னுரை. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் கேம்ப் பெர்ரி என்று ஒரு சுடுதளம் இருக்கிறது. 1907-லிருந்து தேசியப் போட்டிகள் நடக்கிற இடம். அங்கே 1000 கஜம் தள்ளி இருக்கும் இலக்கைச் சுடுவார்கள். ஏறக்குறைய 914 மீட்டர். எஃப் கிளாஸ் என்ற பிரிவில் அந்தத் தூரத்தில் பத்து மதிப்பெண் வளையத்தின் விட்டம் 10 இஞ்ச். நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு அளவு. தட்டை ஒரு கிலோமீட்டர் தூரத்தில் நிறுத்திவிட்டு அதில் சுட வேண்டும். .308 குண்டு அங்கே போய்ச் சேர ஒன்றரை நொடிக்கு மேல் ஆகும். அந்த ஒன்றரை நொடியில் காற்று அதை என்னவெல்லாம் பண்ணும்!

அதனால்தான் ஸ்பாட்டர் தேவைப்படுகிறார். அவருக்கு மூன்று வேலை. ஒன்று, கானலைப் படிப்பது. வெயில் நாளில் தார் ரோட்டின் மேல் நெளியுமே, அதே கானல்தான். காற்று இல்லையென்றால் அது நேராக மேலே கொதிக்கும், காற்று வந்தால் ஒரு பக்கமாக ஓடும். இலக்கின் மேல் ஃபோகஸ் வைக்காமல் அதற்குச் சற்று முன்னால் வைத்துப் பார்த்தால் நடுவழியில் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். இரண்டு, குண்டு போன தடத்தைப் பார்ப்பது. குண்டு தெரியாது. அது கிழித்துக்கொண்டு போகிற காற்றின் சுருக்கம் ஒரு கணம் தெரியும், துப்பாக்கிக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தால். மூன்று, மண் எங்கே தெறித்தது என்று பார்த்து, "கொஞ்சம் வலது, கொஞ்சம் மேலே" என்று அளவோடு சொல்வது. மூன்றும் கண் இமைக்கும் நேரத்து விஷயங்கள். அந்த நேரத்தில் படம் ஆடிக்கொண்டிருந்தால் மூன்றுமே போச்சு.

எவ்வளவு ஆட்டம் என்றால் அதிகம்? இந்த விளையாட்டில் கோணத்தை மில் என்ற அளவில் சொல்கிறார்கள். ஒரு மில் என்றால் 1000 மீட்டரில் ஒரு மீட்டர். பத்தில் ஒரு மில் ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது இலக்கில் 10 சென்டிமீட்டர். 30 சென்டிமீட்டர் நீளமுள்ள தொலைநோக்கியின் ஒரு முனை 0.03 மில்லிமீட்டர் நகர்ந்தாலே அந்த ஆட்டம் வந்துவிடும். தலைமுடியின் தடிமனை விடக் குறைவு! 40 மடங்கு பெருக்கத்தில் அது உங்கள் கண்ணுக்கு, ஒரு மீட்டர் தள்ளிப் பிடித்த காகிதத்தில் எழுத்து 4 மில்லிமீட்டர் குதிப்பது போல இருக்கும். முடிந்தால் அப்படி ஒரு காகிதத்தைப் படித்துப் பாருங்கள்.

அதாவது கண்ணாடி எவ்வளவு நல்லதோ அவ்வளவுக்கு ஸ்டாண்டின் குறையையும் அது பெருக்கிக் காட்டும். மூவாயிரம் டாலர் கொடுத்து ஆஸ்திரியக் கண்ணாடி வாங்கி, கல்யாண வீடியோக்காரர் தூக்கிப்போட்ட முக்காலியில் வைத்தால், நீங்கள் மூவாயிரம் டாலருக்கு ஆட்டம் வாங்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

சரி, மேட்டருக்கு வருவோம். இந்த ஸ்டாண்டுகளை, தாங்கிகளை, தூரமானியைப் பிடித்துவைக்கும் தொட்டில்களை வீட்டிலேயே செய்துகொள்கிற ஒரு கூட்டம் அந்த நாட்டில் உண்டு. மரக்கட்டை, பி.வி.சி. குழாய், இரும்புக் கம்பி, வேதியியல் ஆய்வகத்துக் கிளாம்ப், இப்போது முப்பரிமாண அச்சு. இவர்களைப் பார்த்துச் சிரிக்கிற இன்னொரு கூட்டமும் உண்டு. பணம் போட்டு வாங்கத் துப்பில்லாதவன் செய்கிற வேலை என்று. என் கட்சி, சிரிக்கப்படுகிறவர்களின் கட்சி. ஆனால் ஒரு எல்லை வரைக்கும்தான்.

நான் ஏன் இந்தப் பக்கம் நிற்கிறேன் என்று சொல்கிறேன். எங்கள் கல்லூரிப் பறவை பார்க்கும் குழுவில் ஒரு பழைய ஸ்பாட்டிங் ஸ்கோப் இருக்கிறது. துப்பாக்கிக்காரர்கள் வைத்திருக்கும் அதே சாமான்தான், நாங்கள் பள்ளிக்கரணையில் பூநாரை பார்க்க வைத்திருக்கிறோம். முக்காலியின் தலையில் மாட்டுகிற தட்டு எங்கேயோ தொலைந்துவிட்டது. அதே கம்பெனித் தட்டுக்குச் சொன்ன விலையில் குழு முழுவதும் மூன்று முறை வேடந்தாங்கல் போய் வரலாம். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு சின்ன லேத் பட்டறை. அங்கே இருந்த அண்ணன் ஸ்கோப்பின் அடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது எம்6 இல்லை. கால் இஞ்ச், இஞ்சுக்கு இருபது மரை. எம்6 போட்டா ரெண்டு சுத்து போகும், அப்புறம் அடம் பிடிக்கும். நீ பலத்தைக் காட்டினா உள்ள இருக்கிற அலுமினிய மரை போயிடும்" என்றார். அலுமினியத் துண்டு ஒன்றைச் சீவித் தட்டு செய்தார். அடியில் சைக்கிள் டியூப் ரப்பர் ஒட்டினார். 250 ரூபாய். கம்பெனித் தட்டை விடக் கனம், அதை விட உறுதி. இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அவர் சொன்ன அந்த ஒற்றை வாக்கியத்தில் இந்த விஷயத்தின் பாதி இருக்கிறது. உலகம் முழுக்க கேமரா, தொலைநோக்கி அடியில் இருக்கும் துளை கால் இஞ்ச், இருபது மரை. பெரிய முக்காலித் தலைகளுக்கு முக்கால் அரை இஞ்ச், அதாவது மூன்றில் எட்டு, பதினாறு மரை. இந்த இரண்டு அளவும் தெரிந்தால் எந்த நாட்டு இரும்புக் கடையிலும் உங்களுக்கு வேண்டிய போல்ட் கிடைக்கும். பொதுவான அளவு ஒன்று இருந்துவிட்டால், அதற்கு மேல் வருகிற எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். (மூன்றில் எட்டு என்று லேத் பாஷையில் சொன்னது எட்டில் மூன்று பங்கு இஞ்ச். கணக்கு வாத்தியார்கள் மன்னிக்க.)

மூன்றாவதாக ஒரு அளவும் உண்டு. எட்டில் ஐந்து இஞ்ச், பதினோரு மரை. இது நில அளவைக்காரர்களின் முக்காலி. சிவில் படிக்கிற நண்பர்கள் தியோடலைட்டைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைவார்களே, அந்த மஞ்சள் கால் முக்காலி. நேரம் கிடைத்தால் அதன் மேல் கையை வைத்து அழுத்திப் பாருங்கள். மலை மாதிரி நிற்கும். நடுவில் ஏற்றி இறக்கும் கம்பம் கிடையாது, கால்கள் அகலம், முனையில் மண்ணில் மிதித்து இறக்க இரும்புக் கூர். மரக்கால் உள்ளது என்றால் இன்னும் விசேஷம். மரம் அதிர்வைச் சீக்கிரம் விழுங்கிவிடும், வெறும் அலுமினியக் குழாய் கொஞ்ச நேரம் ரீங்காரமிடும். அமெரிக்காவில் இதைப் பழைய சாமான் விலைக்கு வாங்கி, எட்டில் ஐந்திலிருந்து கால் இஞ்சுக்கு மாற்ற ஒரு துண்டு செய்து, அதன் மேல் ஸ்கோப்பை வைக்கிறார்கள். கனம்தான் ஒரே குறை. காரிலிருந்து இறங்கி இருபது அடி நடக்கிறவருக்கு அது குறையே இல்லை. மலை ஏறுகிற வேட்டைக்காரருக்குக் கார்பன் ஃபைபர் முக்காலி வேண்டும், ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்தாலும் அவருக்கு அது நியாயமான செலவு. சுடுதளத்தில் மட்டும் சுடுகிறவர் அதை வாங்குவது, மாடியில்லாத வீட்டுக்கு லிஃப்ட் வைப்பது.

இங்கேதான் என் பாடப் புத்தகம் உள்ளே நுழைகிறது. செய்வதா, வாங்குவதா என்று ஒரு முடிவெடுக்கும் முறையைக் காஸ்ட் அக்கவுண்டிங்கில் சொல்லித்தருவார்கள். பொருளின் விலையை மட்டும் ஒப்பிடக்கூடாது, உங்கள் நேரத்துக்கும் ஒரு விலை போட வேண்டும். இதை எடுத்துக்கொண்டு எதிர்க்கட்சி வருவார்கள்: "மூன்று ஞாயிற்றுக்கிழமை கட்டையை அறுத்தாய், அந்த நேரத்தில் வேலை செய்திருந்தால் நல்ல ஸ்டாண்டே வாங்கியிருக்கலாம்." சரியான கணக்கு மாதிரி தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை யாரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கக் காத்திருக்கவில்லையே! வேறு வருமானம் இல்லாத நேரத்துக்கு வாய்ப்புச் செலவு கிட்டத்தட்டப் பூஜ்யம். அதுவும் பொழுதுபோக்கில் அந்த அறுக்கிற நேரமே பாதி சந்தோஷம். அதைச் செலவுப் பக்கத்தில் எழுதுவது தப்பான பதிவு.

அந்த ஊரில் இன்னொரு பழமொழி ரொம்பப் பிரபலம். ஒரே தடவை நல்லதாக வாங்கு, ஒரே தடவை அழுதுவிடு என்பது அதன் பொருள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தனக்கு என்ன வேண்டும் என்று முன்பே தெரிந்தவருக்குத்தான் அது பொருந்தும். படுத்துச் சுடுகிறவருக்குத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் கண் வர வேண்டும், தலையை அதிகம் அசைக்காமல் இடது கண்ணால் பார்க்க வேண்டும். உட்கார்ந்து சுடுகிறவருக்கு வேறு உயரம். இடக்கைக்காரருக்கு எல்லாமே தலைகீழ். முதல் வருடத்தில் யாருக்கு இது தெரியும்? கம்பியும் கிளாம்ப்பும் வைத்துச் செய்த ஸ்டாண்டு அந்த ஒரு வருடத்துக்கு ஆசிரியர். அதற்குப் பிறகு தாராளமாக வாங்கி அழட்டும்.

கம்பி என்றதும் ஒரு கணக்கு. உருண்டைக் கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். அரை இஞ்ச் கம்பிக்குப் பதில் ஒரு இஞ்ச் கம்பி போட்டால் இரண்டு மடங்கு அல்ல, பதினாறு மடங்கு விறைப்பு. அதே கம்பியை இரண்டு மடங்கு நீளமாக வைத்தால் எட்டு மடங்கு வளையும். வீட்டில் செய்த ஸ்டாண்டுகளில் நான் படத்திலும் வீடியோவிலும் பார்த்த சொதப்பல்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வரியை மதிக்காததால் வந்தவை. ஒல்லிக் கம்பி, ஒட்டகக் கழுத்து உயரம். விலை உயர்ந்த முக்காலியிலும் நடுக்கம்பத்தை முழுக்க ஏற்றிவிட்டால் இதே கதிதான். இயற்பியல் பிராண்டு பார்ப்பதில்லை :-)

தூரமானி பக்கம் போவோம். லேசர் ஒளியை அனுப்பி, திரும்பி வர எவ்வளவு நேரம் என்று எண்ணித் தூரம் சொல்கிற கையடக்கக் கருவி. எல்லோரும் நினைப்பது அது ஊசி மாதிரி ஒரு கோடு அடிக்கும் என்று. அப்படியில்லை, டார்ச் மாதிரி விரியும். 1.5 மில் விரிகிறது என்றால் 1000 மீட்டரில் ஒன்றரை மீட்டர் அகலம். இலக்குத் தகடோ அரை மீட்டர்தான் இருக்கும். கை ஒரு மில் நடுங்கினால் இன்னும் ஒரு மீட்டர் தள்ளிப் போகும். அப்போது கருவி சொல்வது தகட்டின் தூரமா, முன்னால் இருக்கிற புதரின் தூரமா, பின்னால் இருக்கிற மேட்டின் தூரமா? எல்லாமே ஒரே மாதிரித் தெளிவான எண்ணாகத்தான் திரையில் வரும், அதுதான் ஆபத்து. 1000 கஜத்தில் .308 குண்டு செங்குத்தாக இறங்கத் தொடங்கியிருக்கும். தூரத்தில் 10 கஜம் பிசகினால் குண்டு அரையடி மேலேயோ கீழேயோ போகும். 50 கஜம் பிசகினால் இரண்டரை அடி.

இரும்புத் தகடென்றால் ஒரு குண்டு வீண், அவ்வளவுதான். அந்தப் பக்கம் நிற்பது மான் என்றால்? நெஞ்சுக்குக் குறி வைத்தது வயிற்றிலோ காலிலோ படும். அது ஓடிப்போய் எங்கேயோ ஒரு நாள் முழுக்கச் செத்துக்கொண்டிருக்கும். வேட்டை சரியா தப்பா என்ற பெரிய சண்டைக்குள் நான் இப்போது போகவில்லை. அமெரிக்காவில் அது சட்டப்படி நடக்கிறது, நடக்கும். நடக்கிற வரைக்கும் தூரமானியைக் கையில் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டுச் சுடுவதை விட, அதை ஒரு தாங்கியில் வைத்து ஐந்து தடவை அளந்து ஐந்தும் ஒன்றாக வந்த பிறகு சுடுவது ஒரு உயிருக்குக் காட்டுகிற குறைந்தபட்ச மரியாதை. தாங்கிக்குக் காசில்லை என்பது காரணமே ஆகாது. ஆங்கில வி வடிவில் வெட்டிய மரக்கட்டை, உள்ளே ரப்பர், மேலே வெல்க்ரோ பட்டை, கீழே கால் இஞ்ச் நட்டு. முடிந்தது. இலக்கைத் தானே தேடி, தானே அளந்து சுட வேண்டிய என்.ஆர்.எல். ஹன்டர் போன்ற போட்டிகளிலும் தூரமானியை முக்காலியில் ஏற்றுவது இதே காரணத்துக்காகத்தான்.

அந்தத் தொட்டிலிலும் இரண்டு சூட்சுமம். பொத்தான் மேலே இருக்கும், அழுத்தினால் கருவி தலையாட்டும். அதனால் அடியில் பெருவிரல் வைக்க இடம் விட்டு, கிள்ளுவது போல அழுத்த வேண்டும். இன்னொன்று காந்தம். காந்தத்தால் டபக்கென்று ஒட்டிக்கொள்கிற தாங்கி செய்வது ஒரு மோகமாகவே இருக்கிறது, பார்க்கவும் அழகு. ஆனால் இப்போது பல தூரமானிகளில் காற்றின் திசையைக் கணக்கிட உள்ளேயே திசைகாட்டி வைக்கிறார்கள். திசைகாட்டிக்குப் பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோய் வைத்தால் வடக்கு எங்கே இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முப்பரிமாண அச்சில் செய்கிறவர்கள் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பது நல்லது. 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் அது இளகத் தொடங்கும். அரிசோனா வெயிலில் பூட்டிய காரின் டாஷ்போர்டு அதைச் சாதாரணமாகத் தாண்டும்.

இப்போது நான் சொன்ன எல்லை. முக்காலியின் மேல் இருப்பதையெல்லாம் வீட்டில் செய்யலாம். துப்பாக்கியின் மேல் ஏறுவதைச் செய்யக் கூடாது. தூரமானியை ரைபிள் ஸ்கோப்புக்குப் பக்கத்திலேயே மாட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, அலுமினியப் பட்டையை வளைத்து ஒரு கொக்கி செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கைவேலை அருமையாக இருக்கும். ஆனால் அங்கே லேசர் விழுகிற இடமும் ஸ்கோப்பின் குறுக்குக்கோடும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு குண்டின் உதைக்கும் அந்தப் பட்டை துளித்துளியாக நகரும். அரை மில் நகர்ந்தால் அரை மீட்டர். நகர்ந்தது கண்ணுக்குத் தெரியாது, தப்பான தூரம் அழகான எண்ணாக வந்துகொண்டே இருக்கும்.

முக்காலி கெட்டால் சத்தம் போட்டுக் கெடும். படம் ஆடும், உங்களுக்கே தெரியும், திருகை முடுக்குவீர்கள். துப்பாக்கி மேல் இருப்பது கெட்டால் சொல்லாமல் கெடும். அங்கே வேண்டியது அளவு சரிபார்க்கப்பட்ட தண்டவாளம். 1995-ல் அமெரிக்க ராணுவம் பிக்கட்டினி ரெயில் என்பதை எழுதிவைத்த அளவாக்கியதே, பள்ளத்துக்குப் பள்ளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு என்று, இந்தத் தொல்லைக்காகத்தான். அங்கே காசு கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டும்.

நிற்க. வீட்டில் செய்தது என்றாலே மட்டம் என்று நினைப்பவர்களுக்காக ஒருவரைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. ஜான் டாப்சன். 1915-ல் பெய்ஜிங்கில் பிறந்து, சான் ஃபிரான்சிஸ்கோவில் வேதாந்த சங்கத்தின் மடத்தில் 23 வருடம் துறவியாக இருந்தவர். (ஆமாம், நம்ம ராமகிருஷ்ண மடத்துக் கிளைதான்.) தொலைநோக்கி செய்கிற பித்து முற்றி 1967-ல் மடத்தை விட்டு வெளியேற வேண்டிவந்தது. வானியலில் அப்போது பெரிய கண்ணாடிக்குப் பெரிய இரும்புத் தாங்கி வேண்டும், அது எட்டாத விலை. இவர் பிளைவுட் பெட்டி, டெஃப்லான் துண்டு, வழவழப்பான ஃபார்மிகா ஒட்டிய பலகை, இவ்வளவை வைத்து ஒரு தாங்கி செய்தார். தள்ளினால் வெண்ணெய் போல நகரும், விட்டால் அங்கேயே நிற்கும். அதைத் தெருவோரத்தில் வைத்துப் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் நிலாவைக் காட்டினார். இன்று உலகம் முழுக்க அந்த வடிவத்துக்கு டாப்சோனியன் என்றுதான் பெயர், கம்பெனிகளே அதைச் செய்து விற்கின்றன.

சுடுதலிலும் எஃப் கிளாஸ் வந்த கதை இதற்குத் தூரத்துச் சொந்தம். ஜார்ஜ் ஃபார்கர்சன் என்ற கனடாக்காரர், வயதாகிக் கண்ணும் கையும் தளர்ந்தவர்களும் தொடர்ந்து சுட வேண்டும் என்று ஸ்கோப்பையும் தாங்கியையும் அனுமதித்து ஆரம்பித்த பிரிவு அது. எஃப் என்பது அவர் பெயரின் எஃப். முடியாதவரும் வரட்டும் என்று திறந்த கதவில் இப்போது விலைப்பட்டியலை மாட்டிவைத்து, கட்டையோடு வருகிற பையனைப் பார்த்துச் சிரிப்பது எந்த ஊர் நியாயம்?

கடைசியாக, நீங்கள் செய்ததோ வாங்கியதோ, எந்த ஸ்டாண்டையும் சோதிக்க ஒரு காசும் செலவில்லாத வழி. அதிகப் பெருக்கத்தில் தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே முக்காலியின் காலை விரலால் ஒரு சுண்டு சுண்டுங்கள். படம் அடங்க எத்தனை நொடி என்று எண்ணுங்கள். ஒரு நொடிக்குள் அடங்கினால் பிரமாதம். மூன்றைத் தாண்டினால் கம்பத்தை இறக்குங்கள், நடுவில் ஒரு தண்ணீர் கேனைத் தொங்கவிடுங்கள், மறுபடி சுண்டுங்கள். எங்கள் குழுவின் முக்காலி கேன் இல்லாமல் நான்கு நொடி, கேனோடு ஒன்றரை.

பி.கு: ஜி.எஸ்.டி. பற்றி எழுதுவதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டேன் என்று வகுப்புத் தோழர்கள் திட்டுவது காதில் விழுகிறது. செமஸ்டர் முடியட்டும் மக்களே. லேத் அண்ணனின் விலாசம் வேண்டுமென்றால் கேன்டீனில் கேளுங்கள்.